உயிலைத் திருத்தும் உரிமை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்தவர் பிரையன் முல்லன்ஃபி. 1851-இல் அவர் இறந்தபோது, சொத்தில் மூன்றில் ஒரு பங்கு தருமத்துக்குப் போனது. மேற்கே குடியேறப் புறப்பட்ட ஏழைகள் செயின்ட் லூயிஸ் வழியாகப் போகையில் அவர்களுக்கு உதவ வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். கூண்டு வண்டிகள் சாரி சாரியாக மேற்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்புறம் ரயில் வந்தது, மேற்கும் நிரம்பியது, வண்டிகள் நின்றுபோயின. பணம் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளைக் காணோம்.

அந்தப் பணத்தை அதே ஊரில் பசித்துக் கிடப்பவனுக்குக் கொடுத்துவிட முடியாதா? எளிதில் முடியாது. எழுதியவர் இறந்துவிட்டதால் அவரிடம் கேட்க வழியில்லை. நீதிமன்றத்துக்குப் போய், அவர் நினைத்தது இனி நடக்காத காரியம் என்று நிரூபித்து, அதற்கு நெருக்கமான வேறொரு நோக்கத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

பெஞ்சமின் பிராங்க்ளினே இதில் சறுக்கியவர்தான். 1790-இல் இறந்த அவர், பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச் சென்றார். 25 வயதுக்கு உட்பட்ட, மணமான, தொழில் பழகி முடித்த கைவினைஞர்களுக்கு அதை 5 சதவீத வட்டியில் கடனாகக் கொடுக்க வேண்டும். வருகிற வட்டியும் கடனாகவே போக வேண்டும். நூறாண்டில் 1,31,000 பவுண்டு சேரும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். கூட்டுவட்டிக் கணக்கில் பிழையே இல்லை. நூறாண்டில் ஒன்று 131-க்குச் சற்று மேலாகத்தான் வளரும். தொழிற்சாலைகள் வரப்போவதைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பட்டறையில் ஆண்டுக்கணக்கில் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் வழக்கம் தேய்ந்தது. கடன் கேட்டு வருகிற இளைஞர்களும் குறைந்தார்கள். நூறாண்டு முடிந்தபோது எதிர்பார்த்த தொகை இரண்டு ஊரிலுமே சேரவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு வழி கண்டவர் ஃப்ரெடெரிக் காஃப் என்ற வங்கிக்காரர். வழக்கறிஞராக இருந்து, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் டிரஸ்ட் வங்கிக்குத் தலைவரானவர். பணக்காரர்கள் எழுதிவைத்த அறங்களைக் காத்து நடத்துவது அந்த வங்கியின் தொழில்களில் ஒன்று. இறந்தவர் கை உயிரோடு இருப்பவர்களின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1914 ஜனவரி 2 அன்று வங்கியின் இயக்குநர் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உலகின் முதல் சமூக அறக்கட்டளையான கிளீவ்லண்ட் ஃபவுண்டேஷன் அந்தத் தாளில்தான் பிறந்தது. அப்போது அதன் கையில் பணம் கிடையாது.

தீர்மானத்தின் சாரம் இது: ஊரில் யாரும், எவ்வளவு சிறிய தொகையானாலும், ஒரே பொது நிதியில் சேர்க்கலாம். விருப்பமான நோக்கத்தையும் சொல்லி வைக்கலாம். ஆனால் காலம் மாறி அந்த நோக்கம் பொருளற்றுப் போனால், ஒரு குழு பணத்தை வேறு நல்ல காரியத்துக்குத் திருப்பிவிடும். கொடுப்பவர் இதற்குச் சம்மதித்தே கொடுக்கிறார்.

நம் ஊர்ச் சோழர் காலக் கல்வெட்டுகளை வைத்துப் பார்த்தால் இதன் புதுமை புரியும். கோயிலில் நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை விடுவார்கள். மேய்ப்பவர் நாள்தோறும் நெய் அளப்பார், கிழட்டு ஆட்டுக்கும் செத்த ஆட்டுக்கும் குட்டிகள் ஈடாகும், மந்தை குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லிலேயே இருக்கும். முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் செலவழிக்கும் இந்த ஏற்பாடுதான் கிளீவ்லண்டிலும். வேறுபாடு ஒன்றுதான். இங்கே தருமத்தைக் கெடுப்பவனுக்குக் கல்லில் சாபம் வெட்டியிருக்கும். காஃப் அந்தச் சாபத்தை எடுத்துவிட்டார்.

அப்படியானால் யார் மாற்றலாம்? தீர்மானத்திலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான் என்பேன். அன்றைய ஏற்பாட்டில் பணத்தைக் காப்பது வங்கி; யாருக்கு என்று முடிவு செய்வதோ ஐவர் குழு. அதில் வங்கிக்கு இரண்டு இடம் மட்டுமே. மற்ற மூவரை மேயரும் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொருவராக நியமிப்பார்கள். பெட்டிச் சாவி இருப்பவருக்குப் பெரும்பான்மை இல்லை.

பணம் வந்து சேரும்வரை காஃப் சும்மா இருக்கவில்லை. ஊரை அளக்க ஆள் வைத்தார். பள்ளிகள், பொழுதுபோக்கு, குற்றவியல் நீதிமன்றங்கள் என்று ஒவ்வொன்றாக ஆய்வுகள் வெளிவந்தன. 1922-இல் வந்த குற்றவியல் ஆய்வை நடத்தியவர்கள் ராஸ்கோ பவுண்டும் ஃபீலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டரும். பின்னவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கொடுக்கும் முன்பு தேவையைத் தெரிந்துகொள் என்ற இந்தப் பழக்கம் இன்றும் உண்டு. தொண்டு நிறுவனம் விண்ணப்பம் எழுதும், அறக்கட்டளை ஊழியர் நேரில் போய்ப் பார்ப்பார், வரவு செலவைப் புரட்டுவார், பிறகே குழுவின் முன் வைப்பார். சலிப்பான வேலைதான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதலீடு ஆண்டுக்கு 8 சதவீதம் ஈட்டி, விலைவாசி 3 சதவீதம் ஏறினால், 5 சதவீதம் கொடுத்தாலும் முதலின் மதிப்பு தேயாது. இருபது ஆண்டில் போட்ட முதலுக்குச் சமமான தொகை வெளியே போயிருக்கும். முதல் அங்கேயே இருக்கும். ஆனால் பங்குச் சந்தை விழுகிற ஆண்டில்தான் ஊரில் வேலையும் போகும், பசியும் கூடும். ஆகவே பல அறக்கட்டளைகள் அந்த ஆண்டின் மதிப்பைப் பார்க்காமல், கடந்த சில ஆண்டுகளின் சராசரியில் சதவீதம் கணக்கிடுகின்றன. நல்ல காலம் கெட்ட காலத்துக்குக் கொஞ்சம் கொடுத்து வைக்கிறது. ஒன்றுமில்லாமல் தொடங்கிய கிளீவ்லண்ட் நிதி இன்று 200 கோடி டாலருக்கு மேல்.

பொருளற்றுப்போன நோக்கத்தை மாற்றுவது சரி. பொருள் குறைந்துபோன நோக்கத்தை? பெரில் பக் என்ற பெண்மணி 1975-இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். மாரின் மாவட்டத்து ஏழைகளுக்கும் அம்மாவட்டத்தின் பிற அறப்பணிகளுக்குமென அவர் எழுதிவைத்த எண்ணெய் நிறுவனப் பங்குகளின் மதிப்பு அப்போது ஏறக்குறைய 1 கோடி டாலர். நடத்தும் பொறுப்பு சான் ஃபிரான்சிஸ்கோ அறக்கட்டளைக்கு வந்தது. 1979-இல் ஷெல் நிறுவனம் அந்த எண்ணெய் நிறுவனத்தை வாங்கியதும் மதிப்பு 25 கோடியைத் தாண்டியது. மாரினோ நாட்டிலேயே மிகச் செழிப்பான மாவட்டங்களில் ஒன்று. பக்கத்து ஊர்களில் வறுமை இருக்க இங்கேயே கொட்டுவதா என்று கேட்டு, 1984-இல் அறக்கட்டளை நீதிமன்றம் போனது.

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. வேறிடத்தில் இதைவிட நன்றாகப் பயன்படும் என்பது உயிலை மீறப் போதாது. மாரினிலும் ஏழைகள் இருக்கிறார்களே. இந்த எல்லை சரியென்றே எனக்குப் படுகிறது. இல்லாவிட்டால் எந்தக் கொடையையும் எந்த மேதாவியும் இன்னொரு மேலான காரியம் சொல்லி இழுத்துக்கொண்டு போகலாம்.

1986-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அறக்கட்டளை விலகிக்கொண்டது. புதிதாகப் பிறந்த மாரின் சமூக அறக்கட்டளை பொறுப்பேற்றது. கூடவே நீதிமன்றம் ஒரு சமரசமும் செய்தது: வருமானத்தில் ஒரு பகுதி, மாரினுக்குள் அமைந்தாலும் வெளியுலகுக்கும் பயன்படும் பெரிய திட்டங்களுக்குப் போக வேண்டும். அப்படி வந்ததுதான் மாரினின் நொவாட்டோ நகரில் 1999-இல் திறந்த பக் முதுமை ஆய்வு நிறுவனம். உயிர்கள் ஏன் மூப்படைகின்றன என்று அங்கே எலிகளையும் நுண்புழுக்களையும் வைத்து ஆராய்கிறார்கள்.