அரண்மனைக்கு இன்னைக்கு லீவாம்!

ஏமாந்த கதையை எழுதுறது கொஞ்சம் கூச்சமான வேலை. ஹாஸ்டலில் ரெண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னேன், ரெண்டு பேருமே விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இருந்தாலும் எழுதுறேன். ஏன்னு கடைசியில் சொல்றேன்.

போன வருஷம் ஒரு கருத்தரங்கில் பேப்பர் வாசிக்க பாங்காக் போயிருந்தேன். கூட வந்தவர்கள் முதல் நாளே கிளம்பிட்டாங்க. எனக்கு மட்டும் மறுநாள் இரவுதான் விமானம். கையில் ஒரு முழுப் பகல், பையில் அக்கா கல்யாணத்துக்கு ஏதாவது வாங்கணும்னு சேர்த்து வைத்திருந்த பணம். முதல்ல கிராண்ட் பேலஸ் பார்த்துடலாம்னு காலை ஒன்பதரைக்குப் போனேன். 1782-ல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கிய அரண்மனை, மரகத புத்தர் இருக்கிற இடம்.

வெள்ளை மதில் கண்ணுக்குத் தெரிந்தது. நுழைவாயில் இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும். அங்கே ஒருத்தர் சிரித்தபடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "இந்தியாவா? சென்னையா?" என்றார். "இன்னைக்குப் பூஜை. ஒரு மணிக்கு மேலதான் வெளியாட்களை விடுவாங்க. அதுவரைக்கும் சும்மா நிக்காதீங்க"ன்னு சொல்லி, என் வரைபடத்திலேயே ரெண்டு கோயிலை வட்டம் போட்டுக் கொடுத்தார். காசு எதுவும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு டுக்டுக் வந்து நின்றது. எல்லா இடமும் சுற்றிக் காட்ட 40 பாட். மீட்டர் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தாலே 35 பாட் ஆகிற ஊரில் இது! எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கணும். வந்தது சந்தோஷம்தான்.

முதல் நிறுத்தம் வாட் இந்தரவிஹான். 32 மீட்டர் உயரத்தில் நிற்கிற புத்தர். உண்மையிலேயே அருமையான இடம். அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். "நான் வெளியூர், மனைவிக்கு நீலக்கல் வாங்க வந்தேன். இன்னைக்கு வரி இல்லாம விக்கிறாங்க, நாளைக்குக் கிடையாது" என்றார். அடுத்து டிரைவர், "பத்து நிமிஷம் ஒரு கடை. நீங்க வாங்க வேணாம், உள்ளே போய் வந்தா எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்றார். பாவம், நமக்காக இவ்வளவு சுத்துறாரேன்னு போனேன். ஏசி, குளிர்ந்த ஜூஸ், மரியாதையான பேச்சு. வெளியே வரும்போது கையில் ஒரு நீலக்கல் மோதிரம், பர்ஸில் 4,800 பாட் குறைவு. நம்ம பணத்தில் ஏறக்குறைய 11,500 ரூபாய்.

ஒரு மணிக்கு அரண்மனை வாசலுக்குப் போனேன். காலையிலேயே உள்ளே போன கூட்டம் சாவகாசமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அரண்மனை மூடவே இல்லை. வழக்கமாக அது தினமும் காலை 8.30-க்குத் திறந்துவிடும்.

ஊருக்கு வந்து ஒரு ஆசாரியிடம் மோதிரத்தைக் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு கல்லுதான் தம்பி. ஆனா இந்த விலைக்கான கல்லு இல்ல" என்றார். இந்த மோசடியின் பலமே இதுதான். கல் போலி இல்லை, மட்டமான தரம், பல மடங்கு விலை. பில்லும் கொடுத்திருக்காங்க, நாமளே விரும்பி வாங்கியிருக்கோம். புகார் கொடுத்தாலும், "பேரம் பேசாம வாங்கினது உங்க தப்பு"ன்னு முடித்துவிடலாம்.

ஏன் விழுந்தோம்?

பேராசைன்னு சொல்வாங்க. முழு உண்மை இல்லை. 1966-ல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டு முன்னால் 'கவனமாக ஓட்டுங்கள்' என்று ஒரு பெரிய, அசிங்கமான பலகை வைக்கலாமா என்று நேராகக் கேட்டபோது, நூற்றுக்குப் 17 பேர்தான் சம்மதித்தார்கள். அதே விஷயத்துக்கு முதலில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டச் சம்மதித்தவர்களில், பிறகு பெரிய பலகைக்கும் 76 பேர் சரின்னாங்க. என்கிட்டேயும் யாரும் முதல்லயே 4,800 பாட் கேட்கவில்லை. வரைபடத்தைக் காட்டுங்க, வண்டியில் ஏறுங்க, பத்து நிமிஷம் கடைக்கு வாங்க. ஒவ்வொன்றும் மறுக்க முடியாத அளவுக்குச் சின்னது.

ரெண்டாவது காரணம் நம்ம பாடத்திலேயே இருக்கு. ஒரு கொதிகலனில் மூன்று சென்சார் வைத்து, மூன்றில் இரண்டு சொல்றதை நம்புன்னு டிசைன் பண்றோம். மூன்றுக்கும் ஒரே பவர் சப்ளை கொடுத்திருந்தா? அது ஒன்று போனால் மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும். காமன் காஸ் ஃபெயிலியர்னு படிச்சிருப்போம். அடையாள அட்டைக்காரர், டிரைவர், கோயிலில் பார்த்த ஆள் என்று மூன்று தனித்தனி சாட்சிகள் இருப்பதாக நான் நினைத்தேன். மூன்று பேருக்கும் படி வந்தது ஒரே கடையிலிருந்து. அந்த டிரைவர் சொன்ன கூப்பன் மட்டும்தான் அன்னைக்கு நான் கேட்ட ஒரே உண்மை!

இது பாங்காக்குக்கு மட்டும் உரியதும் இல்லை. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் "ஆங்கிலம் பேசிப் பழகணும்"னு வருகிற இளைஞர்கள் டீக்கடைக்குக் கூட்டிப்போவார்கள், பில் தலை சுற்ற வைக்கும். நம்ம புதுடெல்லி ரயில் நிலையத்திலேயே, "வெளிநாட்டுக்காரங்க டிக்கெட் ஆபீஸ் மூடிட்டாங்க"ன்னு சொல்லி, வெளியே ஒரு போலி சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போவது பழைய கதை. பல ஊர்களில் முதல் வரி ஒன்றுதான்: "நீங்க போகிற இடம் மூடியிருக்கு, நான் வேற காட்டுறேன்."

அப்போ என்ன செய்யலாம்?

• மூடியிருக்குன்னு யார் சொன்னாலும் வாசல் வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க.

• உங்களைத் தேடி வந்து பேசுகிறவரிடம் கேட்காதீங்க. சந்தேகம் வந்தால் நீங்களே தேர்ந்தெடுத்த ஒருவரிடம் கேளுங்க: ஹோட்டல் வரவேற்பாளர், டிக்கெட் கவுண்டர், அந்த இடத்தின் இணையதளம். சப்ளை தனியா இருக்கிற சென்சார் அதுதான்.

• 'இன்னைக்கு மட்டும்' என்ற வார்த்தை காதில் விழுந்தால், அன்னைக்கு வாங்காதீங்க.

• தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. ஏமாந்தது தெரிந்தால் அந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பில்லோடு போய்ச் சொல்லுங்க. கார்டில் கட்டியிருந்தால் பேங்குக்கும் உடனே சொல்லுங்க. நான் ரெண்டுமே செய்யவில்லை, வெட்கம்.

அந்த வெட்கம்தான் நான் எழுத வந்த விஷயம். அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆச்சு. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா" என்றாள். "என் ஃபிரெண்டு ரெண்டு மாசம் முன்னாடி தனியா பாங்காக் போனா. அரண்மனை லீவுன்னு சொல்லி அவளை ஒரு தையல் கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கோட்டு தைக்க அட்வான்ஸ் கட்டிட்டு வந்து அழுதா."

நான் வாயைத் திறந்திருந்தால் அவள் நேராக வாசலுக்கு நடந்திருப்பாள்.