விற்ற வண்டியும் விலகாத பொறுப்பும்

நம் சங்க அங்கத்தினரில் தறி வைத்திருப்போரும் சரி, நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுவோரும் சரி, இன்று மோட்டார் வண்டி ஒன்றேனும் இல்லாத வீட்டார் சிலரே. பட்டு நூலைக் கொண்டுவரவும் நெய்த சேலையைக் காஞ்சிபுரத்தில் ஒப்படைக்கவும் இருசக்கர வண்டி. மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்திற்கு ஏற்றிச் செல்லச் சிறு சரக்கு வண்டி. சற்று வசதியுள்ளவர்களிடம் ஒரு பழைய கார். புதியது வாங்குகிறவர் பழையதை விற்கிறார். அந்த விற்பனையில் நம்மவர் பலர் செய்யாது விடும் ஒரு காரியத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் இவ்விற்பனை நடக்கும் விதம் யாவரும் அறிந்ததே. தரகர் விலை பேசுகிறார், தொகை கைமாறுகிறது, பதிவுப் புத்தகமும் சாவியும் கொடுக்கப்படுகின்றன. பெயர் மாற்றுவதற்கான படிவங்களில், வாங்குகிறவர் பெயரும் தேதியும் எழுதப்படாமலே, விற்பவர் கையொப்பமிடுகிறார். “மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று தரகர் சொல்லுகிறார். சந்தையில் மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவதைப் போலவே விற்றவரும் நிம்மதியாக வீடு திரும்புகிறார்.

மாட்டுக்கு அது போதும். வண்டிக்குப் போதாது. விற்றவருக்கும் வாங்கினவருக்கும் இடையே கிரயம் செல்லும் என்பது உண்மையே. ஆனால் அவ்வண்டியால் ஊறுபட்ட மூன்றாம் மனிதர் ஒருவர் நியாயம் கேட்டு வரும்போது, சட்டம் பணம் கொடுத்தவரைப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் உள்ள பெயரைப் பார்க்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2-ஆம் பிரிவின் 30-ஆம் உட்பிரிவில், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. தவணைக் கடன், அடமானம் போன்றவற்றில் வண்டியை வைத்திருப்பவரும், பதிவு பெற்றவர் மைனராயின் அவருடைய கார்டியனுமே இதற்கு விலக்கு.

அனுபவமுள்ள பெரியவர்கள் சிலர், “வண்டி யார் கையில் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி” என்று இன்றும் வாதிடுவதுண்டு. அவர்கள் சொல்வது அடியோடு ஆதாரமற்றதன்று. முந்திய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமையாளருக்குத் தரப்பட்ட விளக்கம் பதிவுப் பெயரைக் குறிப்பிடவில்லை. புதிய சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தபோது அந்நிலை மாறிற்று. பேச்சு வழக்கு மட்டும் மாறவில்லை.

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று என்பதற்குச் சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி அளித்த தீர்ப்பு ஒன்றே போதும். பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டிலிருந்து வந்த வழக்கு அது. ஒருவர் 2007 ஜூலையில் தம் காரை விற்றார். வாங்கினவர் மற்றொருவருக்கும், அவர் இன்னொருவருக்கும் விற்றனர். மூன்றாவதாக வாங்கினவரும் தாம் விற்றுவிட்டதாகவே கூறினார். இத்தனை கை மாறியும் பதிவேட்டில் முதல் மனிதரின் பெயரே இருந்தது. 2009 மே 27 அன்று அக்கார் பின்னோக்கி ஓட்டப்பட்டபோது தெருவில் நடந்து சென்ற ஒருவர் இறந்தார். உடன் சென்ற பெண்மணி காயமுற்றார். நஷ்டஈட்டு டிரிபியூனல் 3,85,000 ரூபாய் விதித்து, டிரைவரோடு பதிவு உரிமையாளரும் பொறுப்பென்றது. ஹைகோர்ட்டு, அவர் எப்போதோ விற்றுவிட்டாரே என்று அவரை விடுவித்துக் கடைசியாக வைத்திருந்தவர் மீது பொறுப்பைச் சுமத்தியது. மூன்று நீதிபதிகள் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு அதை ஏற்கவில்லை. பதிவு செய்யப்படாத கைமாற்றங்களின் சுவட்டைத் தேடிக்கொண்டு, உயிரிழந்தவரின் குடும்பம் வீடு வீடாக அலைய வேண்டுமென்பது சட்டத்தின் கருத்தன்று என்று கூறி, முதல் மனிதரே பொறுப்பாளி எனத் தீர்த்தது.

விற்றவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். இறந்தவரின் வீட்டார் பக்கம் நின்று பார்த்தால் இதுவே நியாயம் என்பது நம் எண்ணம். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி கொடுத்துவிடும். ஆனால் பெயரைக்கூட மாற்றிக்கொள்ளாதவர் இன்ஷூரன்ஸைத் தவறாமல் புதுப்பிப்பார் என்பதற்கு என்ன உறுதி? அது தவறிய நாளில்தான் பழைய உரிமையாளரின் வீட்டிற்கு நோட்டீசு வருகிறது. கொடுத்த தொகையை வாங்கினவரிடமிருந்து மீட்க வழக்குத் தொடரலாமே என்றால், அதற்கு அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தரகர் கையில் கொடுத்தவருக்கு வாங்கினவர் பெயரே தெரிவதில்லை. நஷ்டஈடு ஒருபுறமிருக்க, வண்டி ஏதேனும் குற்றத்தில் சிக்கினால், அன்று ஓட்டியவர் யாரென்று போலீசார் முதலில் கேட்பதும் பதிவு உரிமையாளரைத்தான்.

பெயரை ஏட்டில் ஏற்றுவது நம் ஊருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழர் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உள்ளவரே சபை வாரியத்திற்குத் தக்கவர் என்று கல்லில் வெட்டிய ஊர் இது. நிலத்துக்குப் பட்டா மாற்றாமல் நம்மவர் உறங்குவதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் ஏனோ அசட்டை.

செய்ய வேண்டியதோ சொற்பம். சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் 29-ஆம் படிவத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கினவர் 30 நாட்களுக்குள் 30-ஆம் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது கடமை அவருடையது என்று விற்றவர் வாளா இருப்பதற்கில்லை. வந்தவாசிக்காரருக்கு விற்றால், அவ்வூர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததாதலின், இரு இடத்து அலுவலகங்களுக்கும் தகவல் போக வேண்டும். வெளி மாநிலத்தாருக்கு விற்பதாயின் முதலில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வெற்றுப் படிவத்தில் மட்டும் கையொப்பமிடாதீர்கள். வாங்குகிறவரின் பெயர், விலாசம், ஒப்படைத்த தேதி, மணி ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்திருங்கள். இத்தாள் நஷ்டஈட்டுப் பொறுப்பை நீக்காது. ஆனால் அன்று வண்டி உங்களிடம் இல்லை என்று போலீசாருக்குக் காட்டவும், பின்னர் தொகையை மீட்கவும் உதவும். பெயர் மாறிய புத்தகத்தின் நகலைக் கண்ணால் காணும்வரை காரியம் முடியவில்லை.

பழைய வண்டி வியாபாரிகளிடம் விற்போருக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு வசதி உண்டு. அரசாங்க அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, அதை முறைப்படி போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிட்டால், அதுமுதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பார்த்தபின் சாவியைக் கொடுங்கள்.

கடன்பட்டு வாங்கிய வண்டியாயின், கடன் கொடுத்த சங்கம் அல்லது பாங்கியின் பெயர் புத்தகத்தில் ஏறியிருக்கும். அதன் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பெயர் மாற்றம் நடவாது. தவணை முடிந்த அங்கத்தினர்கள் அக்குறிப்பை உடனே நீக்கிக்கொள்வது நலம். தந்தை காலமானபின் அவர் பெயரிலேயே வண்டி ஓட்டி வருவோரும் நம்மிடையே உளர். வாரிசுதாரர் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்பது அதே 50-ஆம் பிரிவின் விதி.