சாம்பலில் தங்கிவிடும் கரி

கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. வீடு கட்டுவோர் பலர் இன்று ஃபிளை ஆஷ் கல்லை விசாரிக்கிறார்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் உலர் சாம்பல் கல் தயாரிப்பாளர்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் போகிறது. விலையைக் கேட்கிறோம், அந்தச் சாம்பலில் எரியாத கரி எவ்வளவு என்று கேட்பதில்லை. இனி கேட்டாக வேண்டும்.

கரித்துகள் நுண்துளைகள் நிறைந்தது. கலவையின் தண்ணீரையும், கான்கிரீட்டில் சேர்க்கும் ரசாயனத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுவது சாம்பலில் உள்ள சிலிக்காதான். கரிக்கு அதில் பங்கில்லை. அதனால்தான் சிமென்ட், கான்கிரீட்டுக்கான சாம்பலில் எரிப்பு இழப்பு (சுட்டால் குறையும் எடை) 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 3812 தரநிலை.

அனல் மின் நிலையத்தில் நிலக்கரி தாராளமான காற்றில் எரிகிறது. வாயுவாக்கம் என்னும் முறையில் அப்படியல்ல. குறைந்த ஆக்சிஜனும் நீராவியும் கொடுத்து, கரியை எரிவாயுவாக மாற்றுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கரியைச் சாம்பல் சூழ்ந்துகொள்ள, வினை மந்தமாகி, கரி சாம்பலிலேயே தங்கிவிடுகிறது. வெப்பத்தைக் கூட்டலாமே என்றால், துகள்களை வாயு ஓட்டத்தில் மிதக்கவிடும் பாய்மப் படுகை உலையில் சாம்பல் இளகிக் கட்டிபிடித்துவிடும். திருச்சி பெல் நிறுவனம் 1980களின் இறுதியில் 6.2 மெகாவாட் வாயுவாக்க மின் நிலையத்தை அமைத்துச் சோதித்தது, சாம்பல் மிகுந்த நம் நாட்டு நிலக்கரியை வைத்துத்தான்.

அந்தச் சாம்பல் மிகுதிதான் நம் சிக்கலின் வேர். 100 கிலோ நிலக்கரியில் 40 கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் கழிவில் 20 சதவீதம் கரி இருந்தால், கழிவு 50 கிலோ. அதில் 10 கிலோ கரி வீண். சாம்பல் 10 கிலோ மட்டுமே உள்ள வெளிநாட்டு நிலக்கரியில் அதே 20 சதவீதத்துக்கு இழப்பு 2.5 கிலோதான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. கரி மிகுந்த சாம்பலைக் கொதிகலனில் மறுபடி எரிக்கலாம். கல் அறுக்க அனுப்பக்கூடாது.

2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது மத்திய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதலும் தந்தாயிற்று. நாளை இந்த வாயுவாக்கச் சாம்பலும் சந்தைக்கு வரும்.

சோதனை எளிது. உலர்த்திய சாம்பலில் 1 கிராம் எடுத்து, ஆய்வக உலையில் 900 டிகிரிக்கு மேல், எடை மாறாமல் நிற்கும்வரை சுட வேண்டும். 0.95 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது 5 சதவீத வரம்பைத் தாண்டிய சாம்பல். கல் வாங்கும் முன் அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.