பின் நம்பரைச் சொல்வது யார் குற்றம்?

தி. நகர் பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் சிரமமில்லாமல் வரலாம், ஏ.டி.எம். வாசலில் இரண்டு படி இருந்தால் அதோடு சரி. படி இல்லாத இடத்திலும் கண்ணாடிக் கதவைத் தள்ளி, கார்டைச் செருகி, மெஷின் காத்திருக்கும் சில நொடிக்குள் பட்டன்களை அழுத்தியாக வேண்டும். பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டவருக்கு இது நடக்கிற காரியமா? அதனால்தான் மயிலாப்பூரானாலும் அடையாறானாலும், இப்படிப்பட்டவரின் கார்டும் பின் நம்பரும் மகனிடமோ வீட்டுக்கு வரும் உதவியாளரிடமோ போய்ச் சேர்கின்றன. வங்கியின் கணக்கில் இது கவனக்குறைவு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தாலோ, புகார் செய்யும்வரை போன பணம் முழுதும் அவர் தலையில்தான். வேறு வழியே வைக்காமல் விட்டுவிட்டு, அதைக் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

இத்தனைக்கும் செக் காலத்து வங்கி இந்த நிலையை யோசித்திருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத நோயாளி கைநாட்டு வைக்கலாம், அதற்கும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரேகைகூட வைக்க முடியாதவர் ஏதோ ஒரு குறி போட்டாலும் செல்லும். பணத்தை வாங்கிவரப் போவது யார் என்று அவர் காட்டுவார், அந்த ஆளும் வங்கியில் கையெழுத்துப் போடுவார். இந்த விதி இன்றும் இருக்கிறது. இதில் உதவுபவர் யார் என்பது பதிவாகிறது, தொகையும் எழுதப்படுகிறது. பின் நம்பரில் இரண்டுமே கிடையாது. முந்நூறு ரூபாய் மருந்துக்காக நம்பரைச் சொன்னாலும் கணக்கு முழுவதையும் திறந்துவிட்டதாகத்தான் ஆகிறது.

கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கடைக்குப் போய்வருபவரைக் கணக்குக்கே சொந்தக்காரராக்குவது உதவிக்குத் தரும் அதிக விலை. வீடு தேடி வரும் வங்கிச் சேவையை 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரச் சொல்லி 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. நல்ல ஏற்பாடு, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை வாங்க அது உதவாது. உதவியாளருக்கு அதிகாரம் கொடுத்தால் ஏமாற்று பெருகாதா என்ற கேள்விதான் கனமானது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் இன்று அவரிடம் இருப்பது வரம்பில்லாத, தடயமில்லாத அதிகாரம். அதற்கு அளவு கட்டினால் ஆபத்து குறையும். 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள் அதைத்தான் செய்கிறது: கணக்குக்காரர் தன் பின் நம்பரைச் சொல்லாமலே, மாதம் 15,000 ரூபாய்க்குள், ஒரு தடவைக்கு 5,000-க்கு மேல் போகாமல் இன்னொருவரைச் செலவழிக்க விடலாம். ஸ்மார்ட்போனைக் கையாள முடியாதவருக்கு அதுவும் எட்டாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை 13-ஆம் பிரிவில் தருகிறது; உதவுபவருக்கு ஆதாயம் குறுக்கிடும் இடத்தில் அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது. உதவுபவர் ஒருவர் இருப்பார் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வங்கிகள் இனித் தர வேண்டியது, உதவியாளர் பெயரில், தனி நம்பரோடு, வாடிக்கையாளர் வைக்கும் வரம்புக்குள் இயங்கும் ஒரு துணைக் கார்டு. உதவியாளர் வேலையை விட்டுப் போனால், கணக்குக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் அது செல்லாமல் போக வேண்டும்.