சுமைதாங்கிக் கல்லும் சின்ன டிராக்டரும்

கூடுவாஞ்சேரி ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி என்று சொன்னால், இப்போது இங்கே குடிவருகிறவர்களுக்கு நம்புவது கஷ்டமாயிருக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓய்வதில்லை. 2023-ஆம் வருஷக் கடைசியில் கிளாம்பாக்கத்துப் பஸ் நிலையம் திறந்த பிறகு சந்தடி இன்னும் பெருகிவிட்டது. ஆயினும், பெரிய சாலையை விட்டு விலகி ஏரிக்கரைப் பக்கம் சற்று நடந்தால், பழைய ஊர் ஆங்காங்கே எட்டிப் பார்க்கிறது. அப்படி ஓர் இடத்தில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது.

இந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்கு அது என்னவென்று சொல்லத்தான் வேண்டும். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீண்ட கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையுடன் வெகுதூரம் நடந்து வருகிறவன் குனியாமல், பிறர் உதவியில்லாமல், சுமையை அதன் மேல் சரித்து வைக்கலாம்; இளைப்பாறிய பின் அப்படியே தலைக்கு மாற்றிக் கொள்ளலாம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்களின் நினைவாக, அவர்கள் இறக்கி வைக்காமல் போன சுமையை எண்ணி, குடும்பத்தார் இந்தக் கற்களை நடுவது தமிழ் நாட்டு வழக்கம். கல்வெட்டும் பெயரும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு சுமைதாங்கிக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் துக்கம் இருக்கிறது.

நம்முடைய தெருக்காரர்கள் பாதையை அகலமாக்கத் தீர்மானித்தபோது, இந்தக் கல்லை அழித்துவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. இருபதடி தள்ளி நட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. மண் அள்ளும் வேலைக்கு வந்திருந்த சின்ன டிராக்டர் ஒன்று அருகிலேயே நின்றது. அதன் முன்புறத்தில் இரண்டு இரும்புக் கைகள். கைகளின் நுனியில் ஒரு பெரிய வாளி. 'லோடர்' என்று அதைச் சொல்லுகிறார்கள். எட்டு ஆட்கள் திணறும் பளுவை ஒரே இளைஞன் விரலால் ஒரு பிடியை அசைத்துத் தூக்கிவிடுகிறான்! பார்க்க ஆச்சரியமாகத்தான் இருந்தது.

குறுக்குக் கல்லை நெம்பி வாளியில் ஏற்றினார்கள். வாளி வழியை மறைத்ததால் இளைஞன் அதை மேலே உயர்த்தினான். கூடி நின்ற நாங்களும், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!" என்று கை காட்டினோம். வண்டி ஏரிப் பக்கத்துச் சரிவில் மெதுவாகத் திரும்பிற்று. அடுத்த கணம் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின! இளைஞன் பிரேக்கை மிதித்தான், பயனில்லை. தெய்வாதீனமாக அவன் கை பிடியைத் தாழ்த்திற்று. வாளி தரையில் மோதி, பின்சக்கரங்கள் திடுமென்று கீழே விழுந்தன. கல் சரிந்து ஒரு மூலை மண்ணில் புதைந்தது. அதற்கு நாலடி தூரத்தில் ஒரு சிறுவன் வாயைப் பிளந்தபடி நின்று கொண்டிருந்தான்.

ஒருவருக்கும் காயமில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கியபோது, திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர் சொன்னார்: "சுமையை இறக்கி வைக்கத்தாம்பா கல்லு நட்டாங்க. அந்தக் கல்லையே கொண்டுபோய் ஆகாசத்துல வச்சா, அது சும்மா இருக்குமா?"

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷ காலமாக வகுப்பில் நெம்புகோலையும் ஈர்ப்பு மையத்தையும் பற்றிப் பாடம் சொல்லி வருகிறோம். அப்படியிருந்தும், "இன்னும் கொஞ்சம் உயர்த்து" என்று கை காட்டியவர்களில் நாமும் ஒருவர் அல்லவா? அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாகவே இந்தக் கட்டுரை.

தலையாட்டிப் பொம்மை சொல்லும் பாடம்

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பார்க்காத வீடு இராது. எப்படிச் சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடும். அடிப்பாகம் உருண்டையாயும் கனமாயும் இருக்கிறது. மேல்பாகம் லேசாக இருக்கிறது. அதன் பளு முழுவதும் தரையை ஒட்டியிருப்பதுதான் ரகசியம். இப்போது பொம்மையின் தலையில் ஒரு ஈயக் குண்டைக் கட்டிப் பாருங்கள். விரல் பட்டால் விழுந்துவிடும். வாளியைத் தலைக்கு மேல் உயர்த்திய டிராக்டர் அப்படித் தலை கனத்துப்போன பொம்மைதான்.

இனி, கல்லின் எடை. ஒரு கன அடிக் கருங்கல் சுமார் 76 கிலோ. அதாவது, ஒரு மூட்டை நெல்லின் கனம். நம்முடைய குறுக்குக் கல் 6 அடி நீளம், 1½ அடி அகலம், 8 அங்குலக் கனம். மொத்தம் 6 கன அடி. ஏறக்குறைய ஆறு மூட்டை நெல்! பார்வைக்குச் சிறிதாகத் தெரிவதுதான் கல்லின் வஞ்சகம். அன்று அதன் நீள அகலத்தை அளந்து பெருக்கிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று போடுவோம். சிறிய டிராக்டர் ஒன்றின் எடை 1,000 கிலோ என்றும், அதில் பின்சக்கரங்கள் 600 கிலோவும் முன்சக்கரங்கள் 400 கிலோவும் தாங்குவதாகவும் வைத்துக் கொள்ளுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1½ மீட்டர். லோடரின் இரும்பு 250 கிலோ, முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால். கல் 450 கிலோ, முன் அச்சுக்கு 1.3 மீட்டர் முன்னால். முன் அச்சுதான் இங்கே நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. டிராக்டர் ஒரு பக்கம், சுமை மறு பக்கம். கணக்கைச் செய்து பார்த்தால், பின்சக்கரங்களின் மேல் எஞ்சுவது சுமார் 127 கிலோதான்! சமதரையில் வண்டி கவிழவில்லை. ஆனால் நூலிழையில் நிற்கிறது.

அதே வண்டி பத்தடிக்கு ஓர் அடி தாழும் பள்ளத்தை நோக்கிச் செல்லட்டும். வாளி ஏழடி உயரத்தில் இருக்கட்டும். சரிவின் காரணமாகக் கல் எட்டரை அங்குலம் மேலும் முன்னே போய்விடுகிறது. டிராக்டரின் ஈர்ப்பு மையமும் சற்று முன்னே நகர்கிறது. எஞ்சியிருந்த 127 கிலோவும் மறைந்து, பின்சக்கரங்கள் எழும்புகின்றன. அன்று நாம் கண்ணால் கண்டது இதைத்தான். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். இத்தகைய டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. ஆகாயத்தில் சுழலும் சக்கரத்தை நிறுத்தி என்ன லாபம்?

இதற்குப் பரிகாரம் பின்னால் கட்டும் எதிர்ப்பளு. பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால், கலப்பை மாட்டும் இடத்தில், 300 கிலோ கான்கிரீட் கட்டி ஒன்றை மாட்டினால், பின்சக்கரங்களின் பாரம் மறுபடியும் 600 கிலோவைத் தொடுகிறது. அதோடு முன் அச்சின் பாரமும் 180 கிலோ குறைகிறது. நம் விவசாயிகள் பின் டயர்களில் தண்ணீர் நிரப்புவதுண்டு. அதுவும் நல்லதே, ஆனால் அது முன் அச்சின் பாரத்தைக் குறைக்காது. அந்த வேலையைச் செய்யக்கூடியது அச்சுக்குப் பின்னால் தொங்கும் பளு ஒன்றுதான்.

மூன்று கால் அடுப்பு

நாலு சக்கரம் இருப்பதால் டிராக்டர் நாலு காலில் நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. மேடு பள்ளத்துக்கு இசைந்து கொடுப்பதற்காக அதன் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊசலாடும்படி அமைந்திருக்கிறது. ஆகையால் பின்சக்கரங்கள் இரண்டு, முன் ஆணி ஒன்று என்று மூன்று கல் அடுப்பைப்போல்தான் அது நிற்கிறது. பின்புறம் அகலம், முன்னே போகப் போகக் குறுகி, ஆணியில் முடிகிற முக்கோணம். முன்னால் பளு ஏற ஏற, பாரம் முழுவதும் முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கி நகர்கிறது. அப்போது ஒரு பக்கச் சக்கரம் சிறு குழியில் இறங்கினாலும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். குப்புற விழுவதற்காவது வாளி முட்டுக்கொடுக்கும். பக்கவாட்டில் கவிழ்ந்தால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்காகவே ஓட்டுபவரின் பின்னால் உறுதியான இரும்பு வளைவு ஒன்று வைக்கிறார்கள். வண்டி கவிழ்ந்தாலும் அது ஆளை நசுங்காமல் காக்கும்; ஆனால் ஆள் ஆசனத்தை விட்டுத் தூக்கி எறியப்படாமலிருக்க இடுப்புப் பட்டையும் போட்டிருக்க வேண்டும். ஸ்வீடன் தேசத்தில் 1959-ல் புதிய டிராக்டர்களுக்கு இந்தக் காப்பைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்களின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் தேசம் இன்று ஏராளமான டிராக்டர்களைத் தானே செய்து கொள்கிறது. நம்முடைய ஊருக்குத் தெற்கே, செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா சிட்டியில், டிராக்டர்களை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2012-ல் திறக்கப்பட்டது. யந்திரத்தைச் செய்யத் தெரிந்த தேசம் அதைப் பத்திரமாகக் கையாளவும் கற்றுக்கொள்ள வேண்டாமா?

மாமல்லபுரத்தில்

சில நாட்கள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளுடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரையும்போல அவர்களும் தள்ளிப் பார்த்தார்கள். சுமார் 250 டன் கனமுள்ள பாறை அது. 1908-ல் சென்னை கவர்னராயிருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி அதை நகர்த்த முயன்று தோற்றதாக ஒரு கதை வழங்குகிறது. "சரிவில் நிற்கிறதே, ஏன் சார் உருளவில்லை?" என்று ஒரு பையன் கேட்டான். அதன் ஈர்ப்பு மையம் அது தொட்டு நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அமைந்திருக்கிறது. கல்லும் கல்லும் உராய்ந்து பிடித்துக் கொள்கின்றன. பளு தன் காலை விட்டு விலகாதவரையில் அது சாது.

எட்டாம் நூற்றாண்டில் அங்கே கடற்கரைக் கோயில் கட்டியவர்களிடம் யந்திரம் கிடையாது. ஆனால் அங்குள்ள பாறைகளில் ஆப்பு அடித்த குழிகள் வரிசை வரிசையாக இன்னும் தெரிகின்றன. கல்லைப் பிளந்தவர்கள் முரட்டுப் பலத்தை நம்பவில்லை. எங்கே அடித்தால் விரிசல் ஓடும் என்பதை அறிந்து செய்தார்கள். யந்திரம் வந்துவிட்டபடியால் நமக்குப் பலம் பெருகியிருக்கிறது. அந்த நிதானத்தை மட்டும் நாம் இழந்துவிடக் கூடாது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

வீடு கட்டுவதற்கும், தோட்டத்துக்கு மண் கொட்டுவதற்கும் இத்தகைய வண்டி நம் வாசலுக்கு வரும். ஓட்டுவது அவர் பொறுப்பு. வேடிக்கை பார்ப்பது நம் பொறுப்பு. ஆகையால் நாமும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சுமையின் எடையை முதலில் கணக்கிட வேண்டும். லோடருக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் எடை, பெரும்பாலும் வாளி மாட்டியிருக்கும் முளையில் தூக்கக்கூடியது. வாளியின் விளிம்பில் அதைவிடக் குறைவாகத்தான் தூக்கும். சுமையுடன் போகும்போது வாளி தரைக்கு மேல் ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். இறக்கும் இடத்தில் வண்டி நின்ற பிறகே உயர்த்த வேண்டும். சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கமாக இருக்கட்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. சரிவின் குறுக்கே போகவே கூடாது. பின்சக்கரம் எழும்புவதாகத் தோன்றினால் உடனே வாளியைத் தாழ்த்த வேண்டும். மரத் துண்டு, குழாய், வைக்கோல் உருளை முதலியவை உயர்த்தும்போது கைகளின் வழியே ஓட்டுபவர் மேலேயே உருண்டு வரக்கூடும். அவற்றைக் கட்டாமல் தூக்கலாகாது. மேலே மின்சாரக் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக் கொள்ள வேண்டும்.

உயர்ந்த வாளிக்கு அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. அதைத் தாங்கி நிற்பது ரப்பர்க் குழாயில் அடைபட்ட எண்ணெய்தான். குழாய் வெடித்தால் வாளி எச்சரிக்கை செய்துவிட்டு விழாது. வெள்ளையடிக்கவோ மாங்காய் பறிக்கவோ ஆளை வாளியில் ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். வேலை முடிந்ததும் வாளி தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞன் மறுபடியும் வந்தான். இம்முறை டிராக்டரின் பின்னால் கான்கிரீட் கட்டி மாட்டியிருந்தது. கல்லைச் சங்கிலியால் வாளியோடு சேர்த்துக் கட்டி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காமல், சமதரை வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் வைத்தான். அங்கிருந்து நட்ட கற்களின் மேல் அதை ஏற்றும் வேலையைக் கல் வேலைக்காரர்கள் மூன்று கம்பங்கள் நாட்டிச் சங்கிலிக் கப்பியால் செய்தார்கள். எல்லாம் முடிய அரை நாள் ஆயிற்று. ஒருவரும் அவசரப்படவில்லை.

மாலையில் அந்தப் பக்கம் போனபோது, புல்லுக்கட்டுடன் வந்த ஒரு பெண் கட்டைச் சுமைதாங்கியின் மேல் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு நின்றாள். கல் ஆடவில்லை.