சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

ஹோண்டா சிவிக் டைப்-ஆர் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் கை வைப்பது சக்கரங்களில்தான். 2017இல் வந்த எஃப்கே8 மாடலுக்கு ஹோண்டா 20 அங்குல ரிம்மும், பக்கச்சுவர் மிகக் குட்டையான 245/30 டயரும் போட்டது. பார்க்க அழகுதான். ஆனால் அந்த டயரின் விலை கையைக் கடிக்கும். குழியில் வேகமாக இறங்கினால் ரிம் வளைந்துவிடும். அதனால் பலர் 18 அங்குலத்துக்கு இறங்கி, ரிம்மின் அகலத்தை மட்டும் 8.5இலிருந்து 9.5 அங்குலமாகக் கூட்டிக்கொள்கிறார்கள்.

புது ரிம்மை மாட்டும்போதுதான் சிக்கல் தெரியும். முன்சக்கரத்துக்குள் 350 மிமீ பிரேக் டிஸ்க்கும் பருத்த பிரெம்போ கேலிப்பரும் உட்கார்ந்திருக்கின்றன. ரிம்மின் கம்பிகள் கேலிப்பரை உரசலாம். கேலிப்பரைத் தாண்டினாலும், ரிம்மின் உள்விளிம்பு சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டை நெருங்கிவிடும். இரண்டுக்கும் கடைக்காரர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: வீல் ஸ்பேசர். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கிற அலுமினிய வட்டு அது. 3 மிமீயிலிருந்து 25 மிமீ வரை, அதற்கு மேலும் கிடைக்கிறது.

ஸ்பேசர் போட்டால் சக்கரம் கழன்று ஓடும், பேரிங் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஒன்றும் ஆகாது என்று மற்றவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இரு தரப்பும் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது. சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இடத்தில் அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்பது இன்னொன்று. சண்டையெல்லாம் முதல் கேள்வியைச் சுற்றி நடக்கிறது. உயிராபத்து இருப்பதோ இரண்டாவதில்.

முதலில் இடம். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வரைந்தால், ஹப்பில் பொருந்தும் முகம் அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். எஃப்கே8 ரிம்மில் அது 60. மிக அதிகமான எண் இது. அதாவது ரிம்மின் பெரும்பகுதி ஹப்பைத் தாண்டி உள்ளே போகிறது. அதே 60 ஆஃப்செட்டில் ரிம்மை ஓர் அங்குலம் அகலமாக்கினால் உள்ளே 12.7 மிமீ, வெளியே 12.7 மிமீ வளரும். அதில் 10 மிமீ ஸ்பேசரைச் சேர்த்தால் உள்ளே 2.7 மிமீ மட்டுமே கூடும், வெளியே 22.7 மிமீ பிதுங்கும். ஸ்ட்ரட் தப்பித்தது. இனி மட்கார்டு என்ன பாடுபடும் என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 60 ஆஃப்செட் ரிம்மும் 10 மிமீ ஸ்பேசரும் சேர்ந்தால் என்ன கிடைக்குமோ, அதேதான் 50 ஆஃப்செட் ரிம்மைத் தனியாக மாட்டினாலும் கிடைக்கும். பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு வட்டு இருப்பது தெரியாது. அதனால் ஸ்பேசர் வேண்டாம், ஆஃப்செட் குறைந்த ரிம் போதும் என்று தேர்ந்தெடுப்பவரும் இந்த விளைவுகளிலிருந்து தப்ப முடியாது.

அந்த விளைவுகள் எவ்வளவு? பேரிங்கைப் பார்ப்போம். டைப்-ஆரின் முன்சக்கரம் ஒன்று 400 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. அதை 10 மிமீ வெளியே தள்ளினால் பேரிங்கின் மேல் கூடும் வளைவிசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். ஒரு வளைவில் வேகமாகத் திரும்பும்போது, வெளிப்புற டயர் தரையிலிருந்து வாங்கும் பக்கவிசை மட்டுமே 1,600 நியூட்டன் மீட்டர் அளவுக்கு அதே பேரிங்கை மடக்கப் பார்க்கும். ஆகவே 10 மிமீ ஸ்பேசர் பேரிங்கை நொறுக்கிவிடும் என்பது மிகை. ஆனால் வளைவு எப்போதாவது வருவது. காரின் எடை எப்போதும் இருப்பது. பந்து பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ஆயுள் பத்தில் ஏறக்குறைய ஆறு பங்காகச் சுருங்கிவிடும். 25 மிமீ வட்டை மாட்டிவிட்டு பேரிங் சீக்கிரம் ஊளையிடுகிறதே என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை.

கார் ஒட்டிக்கொண்டு திரும்பும் என்ற ஆசையில் ஸ்பேசர் போடுபவர்களும் உண்டு. பக்கத்துக்கு 10 மிமீ என்றால் இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம் 1.6 மீட்டரிலிருந்து 1.62 ஆகும். 1,400 கிலோ கார், புவியீர்ப்புக்குச் சமமான பக்கமுடுக்கத்தில் திரும்புகிறது, அதன் எடைமையம் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் 437 கிலோ, 432 ஆகக் குறையும். ஐந்து கிலோ! நல்ல டயர் வாங்கினால் இதைவிடப் பல மடங்கு பலன் உண்டு.

ஸ்டியரிங் விஷயம் இன்னும் நுட்பமானது. முன்சக்கரம் ஒரு கற்பனை அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் பரப்பின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைப் பொறியாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிக்கிறார்கள். 1972இல் வந்த ஆடி 80 காரில் அச்சு, டயரின் நடுவைத் தாண்டி வெளியே தரையைத் தொடுமாறு அமைத்தார்கள். ஒருபக்கச் சக்கரங்கள் ஈரத்திலும் மறுபக்கச் சக்கரங்கள் காய்ந்த தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால், கார் இழுக்கும் திசைக்கு எதிராகச் சக்கரமே கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும். அப்படி அமைத்த காரில் 15, 20 மிமீ ஸ்பேசரைப் போட்டால் அந்த உதவி குறையும். சில கார்களில் எதிர்மாறாகி, இழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கும் போகும்.

டைப்-ஆரில் இன்னொரு உழைப்பும் இருக்கிறது. முன்சக்கரங்களே காரை இழுப்பதால், 400 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினை முழுதாக மிதிக்கும்போது ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். இதை அடக்கத்தான் ஹோண்டா ஸ்ட்ரட்டிலிருந்து திரும்பும் பாகத்தைப் பிரித்து, திருப்பு அச்சைச் சக்கரத்தின் நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. அந்த நெருக்கத்தில் ஸ்பேசர் 10 மிமீயைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஓட்டுபவரின் கைக்கு அது தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. சக்கரத்தைப் பிடித்திருப்பது எது? போல்ட்தான் என்று சொல்லத் தோன்றும். காரின் எடை ஐந்து போல்ட்டுகளின் மேல் தொங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் அவற்றின் வேலை ரிம்மை ஹப்போடு அழுத்துவது மட்டும்தான். எடையையும் பிரேக் விசையையும் தாங்குவது இரு முகங்களுக்கு இடையிலுள்ள உராய்வு. செங்கற்சூளையில் ஏழெட்டுக் கற்களை வரிசையாக இரு கைகளுக்கு நடுவே அமுக்கித் தூக்கிப் போகிறார்களே, அடியில் எந்தத் தாங்கலும் இல்லாமல்! அதே இயற்பியல்தான்.

கணக்கும் இதைச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 14 மிமீ போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கச் சொல்கிறார்கள். உலர்ந்த மரைக்கு உரிய தோராயக் கணக்கில், ஒரு போல்ட் தரும் அழுத்தம் 4.3 டன். ஐந்தும் சேர்ந்தால் 21 டன்னுக்கு மேல். உராய்வு கெழுவை 0.15 என்று குறைத்தே எடுத்தாலும், மூன்று டன்னுக்கு மேல் விசை வந்தால்தான் ரிம் நகரும்.

முகங்கள் நழுவாதவரை போல்ட் நிம்மதியாக இருக்கும். நழுவத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டினார். போல்ட்டுக்குக் குறுக்காக முகங்கள் முன்னும் பின்னும் அசையும்போது மரையின் உராய்வு செயலிழந்து, இறுக்கிய போல்ட் தானாகவே கழலும். தளர்ந்த போல்ட்டின் மேல் ஒவ்வொரு சுற்றிலும் விசை ஏறி இறங்கும், மரையின் அடியில் விரிசல் விழும், ஒருநாள் முறியும்.

சாதாரணமாக இந்த அமுக்கலில் ஒரு மூட்டு இருந்தது. ஸ்பேசர் வந்ததும் இரண்டாகிறது. அது சுத்தமாகவும் தட்டையாகவும் இருந்தால் 21 டன் அழுத்தம் இரண்டிலும் அப்படியே இருக்கும். துரு இருந்தால்? 4.3 டன் இழுவிசையில் அந்த போல்ட் நீள்வது ஏறக்குறைய 0.05 மிமீ மட்டுமே. ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவோ பெயின்ட்டோ 0.025 மிமீ நசுங்கினாலே போதும், பாதி இறுக்கம் போய்விடும். கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்க்காமல் ஸ்பேசரை மாட்டும் மெக்கானிக்கிடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வதே நல்லது.

மரைக் கணக்கை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். ஹோண்டாவில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் நட் முடுக்குவோம். டைப்-ஆரின் ஸ்டட்டில் ஒரு சுற்றுக்கு 1.5 மிமீ. 10 மிமீ ஸ்பேசரை நுழைத்தால் நட்டுக்குக் கிடைக்கும் மரையில் ஆறரைச் சுற்றுக்கு மேல் பறிபோகும். பொதுவாக ஸ்டட்டின் விட்டமளவுக்காவது, அதாவது 14 மிமீ, ஒன்பது சுற்றுக்கு மேல், மரை பிடித்திருக்க வேண்டும். நீளமான ஸ்டட் அடிக்காமல் ஸ்பேசர் மட்டும் விற்கும் கடை ஆபத்தை விற்கிறது. நீளம் கூடினால் பலம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். நீளமான ஸ்டட் அதே விசைக்கு அதிகம் நீளும். அதனால் சிறிது நசுங்கினாலும் இறுக்கத்தை விட்டுக்கொடுக்காது.

நட்டின் அடிமுகமும் ரிம்மின் குழியும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் ரிம்மில் அது உருண்டை. வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. மாற்றிப் போட்டால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், அழுத்தம் இருக்காது.

போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் வேறான ரிம்மை மாட்ட, 5×120ஐ 5×114.3 ஆக்கும் தடித்த அடாப்டர்கள் வருகின்றன. அவை ஹப்போடு தனியாக முடுக்கப்படும், அவற்றின் சொந்த ஸ்டட்டில் ரிம் நிற்கும். உள்ளே முடுக்கிய நட்டுகளை ரிம் மறைத்துவிடும். கழற்றாமல் சோதிக்கவே முடியாது. வேகமாக ஓட்டும் காருக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஹப்பின் நடுவளையத்தில் கச்சிதமாக உட்காரும் 3 அல்லது 5 மிமீ வட்டு என்றால், நட்டுக்கு மரை போதுமா என்று அளந்துவிட்டுத் தாராளமாகப் போடலாம். போர்ஷே தன் 911 கார்களுக்கு 5 மிமீ ஸ்பேசரைத் தானே விற்றிருக்கிறது. ஜெர்மனியில் இத்தகைய மாற்றத்துக்குத் தரச்சான்று கேட்கிறார்கள். வட்டின் தடிமனும் ரிம்மின் அளவும் அந்தக் காருக்குப் பொருந்துமா என்று பரிசோதனை நிலையத்தில் பார்க்கிறார்கள்.

மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறியிருக்கும்போது, டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும். மரையில் எண்ணெய் தடவக் கூடாது. தடவினால் அதே முடுக்கலுக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஏர் கன்னால் அடித்துவிட்டுப் போகும் பஞ்சர் கடையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

2022இல் வந்த அடுத்த டைப்-ஆரான எஃப்எல்5இல் ஹோண்டாவே 19 அங்குலத்துக்கு இறங்கியது. ரிம்மின் அகலத்தை 9.5 அங்குலமாக்கி 265/30 டயர் போட்டது. ஓர் அங்குல அகலத்துக்கு இடம் கொடுக்க, உடலின் தகட்டையே சக்கரத்துக்கு மேல் அகலப்படுத்தினார்கள். ஆஃப்செட்டை மட்டும் தொடவில்லை. அது இன்னும் 60தான்.