மே மாதத்தில் பனியாறு காண: எந்தக் கப்பல், எந்தப் பாதை?

நம் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிச் செய்திகளிலும் ‘பனிப்பாறை’ என்னும் ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்கி வருகிறது. டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை. இமயமலையில் உருகி வருவதும் பனிப்பாறை. உண்மையில் இவை வேறு வேறு. மலைமேல் ஆண்டுக்கணக்கில் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கு வழியாக மெல்ல நகர்ந்து இறங்குவது பனியாறு. அது கடலைத் தொடும் இடத்தில் உடைந்து மிதக்கும் துண்டுதான் பனிப்பாறை. அலாஸ்காவுக்கு உல்லாசக் கப்பலில் போக நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்வது நல்லது. பனியாற்றைப் பார்க்கப் போகும் கப்பலை வழிமறிப்பதே பனிப்பாறைதான். பருவத் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை சில இடங்களில் கூடுதல்.

அலாஸ்காவில் கப்பல் பருவம் ஏப்ரல் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றும் உச்சக்கட்டம். மே மாதத்தில் கட்டணம் குறைவு. துறைமுகங்களில் நெரிசலும் குறைவு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் தேர்வு முடியும் நேரமும் அதுவே. ஆகவே பட்டம் பெற்ற கையோடு நண்பர்களுடன் போக விரும்புவோரும், வேலைக்குப் போய்ச் சேமித்த பணத்தில் அம்மா அப்பாவை ஒரு முறை எங்காவது தூரமாக அழைத்துப் போக நினைப்போரும் மே மாதத்தைப் பார்ப்பது இயல்பே. மலையேற முடியாத, நெடுந்தூரம் நடக்க முடியாத பெற்றோர் நாற்காலியில் அமர்ந்தபடியே பனியாற்றின் முகத்தைப் பார்க்கக் கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் மூன்று நாள் போய்வரும் கப்பல்களில் பழகியவர்கள் கப்பலை வைத்தே பயணத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நீச்சல் குளம் எத்தனை, சைவ உணவு உண்டா, இரவில் என்ன நிகழ்ச்சி என்பதே கேள்வி. அங்கே அது சரி, கப்பல்தான் விடுமுறை. அலாஸ்காவில் பாதைதான் விடுமுறை. ஒரே விலையுள்ள இரண்டு ஏழு நாள் பயணங்களில் ஒன்று உங்களைப் பனியாற்றுக்கு அரைக் கிலோமீட்டர் அருகில் நிறுத்தலாம். மற்றொன்று பல கிலோமீட்டர் தள்ளி மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பலாம். இரண்டின் விளம்பரப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பாதைகள் மூன்று வகை. முதலாவது, அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்குவது. இரண்டாவது, கனடாவின் வான்கூவரில் ஏறி அங்கேயே இறங்குவது. மூன்றாவது, வான்கூவருக்கும் ஆங்கரேஜ் நகரையொட்டிய விட்டியர் அல்லது சீவர்டு துறைமுகத்துக்கும் இடையே ஒருவழியாகச் செல்வது.

சியாட்டில் பயணங்களின் நிரலில் விக்டோரியா என்ற கனடிய நகரம் பெரும்பாலும் கடைசி இரவில் சில மணி நேரம் மட்டும் இடம்பெற்றிருக்கும். இதற்குக் காரணம் சுற்றுலா அன்று, சட்டம். வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் இடையில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. பெரிய உல்லாசக் கப்பல்களோ பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. ஒருவழிப் பயணங்கள் சியாட்டிலை விட்டு வான்கூவரிலிருந்து புறப்படுவதற்கும் இதே சட்டம்தான் காரணம். 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இன்றைக்கும் நம் பயணத்தில் அரை நாளைத் தின்கிறது.

சியாட்டில் வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. அங்கிருந்து புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர்த் தீவுக்கு வெளிப்புறமாக, திறந்த பசிபிக் கடலில் செல்கின்றன. வான்கூவரிலிருந்து புறப்படுபவை தீவுகளுக்கு இடையே அடைப்பான நீரில் செல்கின்றன. கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாத பெற்றோருடன் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவழிப் பயணத்திலும் அலாஸ்கா வளைகுடாவை ஒரு நாள் கடக்க வேண்டும். அதுவும் திறந்த கடல்தான்.

சரி, பனியாறுகளுக்கு வருவோம். கப்பல் நிரலில் ‘பனியாற்றுக் காட்சி’ என்று ஒற்றை வரியில் போட்டிருப்பதன் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஓர் இடம் இருக்கும்: கிளேசியர் பே, ஹப்பர்டு, டிரேசி ஆர்ம் அல்லது அதன் அண்டை வாய்க்காலான எண்டிகாட் ஆர்ம், காலேஜ் ஃபியோர்டு.

கிளேசியர் பே தேசியப் பூங்கா. நாளொன்றுக்கு அதிகபட்சம் 2 உல்லாசக் கப்பல்களுக்கே அனுமதி. பெரிய கப்பல்களில் ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் நிறுவனங்களே பெரும்பாலும் அந்த இடங்களை வைத்திருக்கின்றன. பூங்கா அதிகாரிகள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி நாள் முழுவதும் விளக்கம் தருகிறார்கள். 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் இந்தப் பக்கம் வந்தபோது வளைகுடா என்று சொல்லத்தக்க ஒன்று இங்கு இல்லை. பனிச்சுவரில் சுமார் 8 கிலோமீட்டர் உள்வாங்கிய ஒரு குடைவுதான் இருந்தது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி 50 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் வாயிலிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு உள்ளே போய்த்தான் மார்ஜரி பனியாற்றின் முன் நிற்கிறது. மார்ஜரியின் நீளம் சுமார் 34 கிலோமீட்டர்; முகம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம்; நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 75 மீட்டர் உயரம்.

பனி பின்வாங்கிய கதைக்கு முன்பகுதி ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் ஊனா கிளிங்கெட் என்னும் பழங்குடியினர் வாழ்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனி அவர்களுடைய ஊர்களை விழுங்கியது. அவர்கள் நீரிணையைக் கடந்து இப்போதைய ஊனா ஊரில் குடியேறினார்கள். பனி விலகிய பிறகு நிலம் பூங்காவாகி, வேட்டைக்கும் சேகரிப்புக்கும் கட்டுப்பாடு வந்தது. 2016இல்தான் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுடைய மூதாதையர் பெயரால் ஒரு குல இல்லம் மீண்டும் எழுந்தது. கப்பலின் ஒலிபெருக்கியில் இவர்கள் கதையும் சொல்லப்படும். அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடாதீர்கள்.

மே மாதத்தில் இங்கே ஒரு கதவு மூடியிருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற உட்கிளையில் கடல்நாய்கள் மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் குட்டி போடுவதால் மே 1 முதல் ஆகஸ்டு 31 வரை உல்லாசக் கப்பல்கள் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் மார்ஜரிக்குப் போகும் வழி மே மாதத்திலும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பருவத் தொடக்கத்தில் போகிறவருக்குக் கிளேசியர் பேயின் பெருமையே இந்த நிச்சயம்தான்.

ஹப்பர்டு அளவில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நீளம் சுமார் 122 கிலோமீட்டர். கடலைத் தொடும் பனியாறுகளில் வட அமெரிக்காவிலேயே நீளமானது. முகத்தின் அகலம் 10 கிலோமீட்டர் அளவு. மலைமேல் விழுந்த பனி அதன் முகத்துக்கு வந்து சேரச் சுமார் 400 ஆண்டுகள் ஆகுமாம். அப்படியானால் இன்று நம் கண்முன்னே கடலில் விழும் பனி, மலாக்கா போர்த்துகீசியர் கையில் இருந்த காலத்தில் பெய்தது. மற்ற பனியாறுகள் பின்வாங்க, இது முன்னேறிக் கொண்டிருக்கிறது. 1986இல் ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்துவிட்டது. உள்ளே நீர்மட்டம் சுமார் 25 மீட்டர் உயர்ந்து, அக்டோபரில் அணை உடைந்தது. 2002இல் மீண்டும் அடைத்தது. இதைக் காட்டிப் பூமி சூடாகவில்லை என்று வாதிடுவோர் உண்டு, அது பிழை. ஹப்பர்டுக்குப் பனி சேரும் உயர்நிலப் பரப்பு மிகப் பெரிது. சேர்வது கரைவதைவிட அதிகமாக இருப்பதால் முன்னேறுகிறது. ஒரு பெருவணிகர் இலாபம் காட்டுவதால் நாட்டின் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாதே.

அத்தனை பெரிய பனியாறு உடைக்கும் துண்டுகளும் அத்தனை அதிகம். அது நிற்கும் குடாவின் பெயரே ‘ஏமாற்றக் குடா’. அட்லாண்டிக்குக்கு வழி தேடி 1791இல் வந்த மலஸ்பினா என்ற ஸ்பானியக் கப்பல் தலைவர் வழி இல்லை என்று கண்டு வைத்த பெயர் அது. மே, ஜூன் மாதங்களில் குடா பனிக்கட்டிகளால் நிறைந்து, கப்பல் தொலைவிலேயே நின்றுவிடுவது உண்டு. கடல்நாய்கள் குட்டி போடும் காலமும் அதுவே. அவற்றை விட்டு விலகி நிற்கும்படி கப்பல்களுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் போகிறவருக்கு ஹப்பர்டை நான் தயங்காமல் சொல்வேன். மே மாதத்தில் அது சூதாட்டம்.

டிரேசி ஆர்ம் குறுகலான, செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே போகும் கடல்வாய்க்கால். இத்தகைய பள்ளத்தை ஃபியோர்டு என்பார்கள். அழகில் இதற்கு நிகரில்லை என்பவர்கள் பலர். ஆனால் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் கப்பல்கள் எண்டிகாட் ஆர்முக்குத் திரும்பிவிடுவது வழக்கம். 2025 ஆகஸ்டு 10 அன்று அதிகாலையில் டிரேசி ஆர்மில் பனியாற்றின் அருகே மலைச்சரிவு ஒன்று கடலில் விழுந்தது. எழுந்த அலை எதிர்ச்சுவரில் 400 மீட்டருக்கும் மேலாக ஏறியது. அதன்பின் சில நிறுவனங்கள் 2026ஆம் ஆண்டு நிரலில் எண்டிகாட்டுக்கு மாறிக்கொண்டன. பனி பின்வாங்கும்போது அதுவரை அது தாங்கி நின்ற மலைச்சரிவு பிடிப்பிழக்கிறது. பனியாறுகள் கரையும் இடங்களில் இந்த ஆபத்து கூடி வருகிறது. எண்டிகாட்டிலும் மே மாதத்தில் பெரிய கப்பல் டாஸ் பனியாற்றுக்கு வெகு அருகில் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடுதல் கட்டணத்தில் சிறு படகு ஏற்பாடு இருந்தால் அதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

காலேஜ் ஃபியோர்டு ஒருவழிப் பயணங்களில் வருவது. பல்கலைக்கழக இதழில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1899இல் ஹாரிமன் என்ற ரயில்வே முதலாளி அறிஞர்களைத் திரட்டிக்கொண்டு வந்தபோது, அங்குள்ள பனியாறுகளுக்கு அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். ஹார்வர்டு, யேல், ஸ்மித், வெல்லஸ்லி, வாசர் என்று ஒரே இடத்தில் வரிசையாக நிற்கின்றன. பிரின்ஸ்டனை மட்டும் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். கல்லூரிப் போட்டி பனியையும் விடவில்லை.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோருடன், வாழ்வில் ஒரே முறை, மே மாதத்தில் என்றால் வான்கூவரில் ஏறி வான்கூவரில் இறங்கும், கிளேசியர் பே உள்ள பயணம். நண்பர்களாகப் போகிறவர்களுக்குக் கிளேசியர் பேயுடன் ஹப்பர்டோ காலேஜ் ஃபியோர்டோ சேர்ந்த ஒருவழிப் பயணம். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று இருக்கும். விமான டிக்கெட் சற்றுக் கூடும். தெனாலி தேசியப் பூங்காவையும் சேர்த்துப் பார்க்க எண்ணினால், அங்கே பூங்காப் பேருந்துகள் மே 20 அளவில்தான் ஓடத் தொடங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சியாட்டில் பயணம் மலிவாகக் கிடைத்தால், அதில் கிளேசியர் பே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மே மாதத்தில் குறையும் உண்டு, நிறையும் உண்டு. கரடி ஆற்றில் மீன் பிடிக்கும் காட்சி கிடைக்காது. சால்மன் மீன் திரளாக ஏறுவது ஜூலைக்குப் பிறகுதான். ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்த கூனல் திமிங்கிலங்கள் திரும்பி வந்துகொண்டிருக்கும். மலைகளில் பனி இன்னும் தாழ்வாகவே படிந்திருக்கும்; படத்துக்கு அது ஜூலையைவிட அழகு. கெச்சிக்கன் ஊரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை கோலாலம்பூர் மழையைவிட அதிகம். ஆனாலும் அந்தக் கரையோரத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒப்பளவில் மழை குறைந்த காலம். ஜூனோவில் மே மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். வெயில் நேரத்தில் 13, 14 டிகிரி இருக்கும். பனியாற்றின் முன் அதை நம்ப வேண்டாம். பனியின் மேலிருந்து இறங்கும் காற்று எலும்பைத் தொடும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் குல்லாயும் கையுறையும் கட்டாயம்.

பனி உடைந்து விழுவதை ஆங்கிலேயர் பசு கன்று ஈனுவதாகச் சொல்வார்கள். கிளிங்கெட் மக்கள் அந்த ஓசையை ‘வெள்ளை இடி’ என்கிறார்கள். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. அது எப்போது விழும் என்று எந்தக் கப்பலும் உறுதி கூற முடியாது. விழுவது கண்ணுக்குத் தெரிந்து சில நொடி கழித்தே ஓசை வரும். அதனால் ஓசை கேட்டுத் திரும்பினால் காட்சி முடிந்திருக்கும். கப்பல் பனியாற்றின் முன் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா என்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இனி அலுவல் காரியம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இணையவழி முன் அனுமதி பெற்றால் போதும். மலேசியக் கடப்பிதழுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். சியாட்டில் பயணம் விக்டோரியாவைத் தொடுவதால் அதிலும் கனடாவை மறக்கக் கூடாது. பணம் கட்டும் முன் பயண ஒப்பந்தத்தை வாசியுங்கள். பனியோ காற்றோ தடுத்தால் தலைவர் பாதையை மாற்றலாம், அதற்காகக் கட்டணம் திரும்பாது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். கிளேசியர் பேக்கு எந்தத் தேதியில் எந்தக் கப்பல்கள் நுழைகின்றன என்ற நாட்காட்டியைப் பூங்கா நிர்வாகமே வெளியிடுகிறது. முகவர் என்ன சொன்னாலும், உங்கள் கப்பலின் பெயர் உங்கள் தேதிக்கு நேராக அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணத்தைக் கட்டுங்கள்.